தொலைந்தவை, மூன்றாம் ஜன்னல்

நீஷ் பேருந்து நிலையத்தில்
கழிப்பறைக்கும் புரெக் கடைக்கும் நடுவே
பிப்ரவரியில் எனக்கு வேலை கிடைத்தது.
பயணிகள் மறந்துவிட்டுப் போனவை
மாலையில் என் மேசைக்கு வரும்.
நிறம் எழுது, பெயர் எழுது, அலமாரியில் வை,
அவ்வளவுதான் என்றார்கள்.

அவ்வளவுதானா!
பத்தூமியில் எங்கள் பேச்சில்
அவனும் அவளும் அதுவும் ஒரே சொல்.
இங்கே ஒரு பொத்தானைப் பதிவதற்கும்
ஆணா பெண்ணா என்று விசாரிக்க வேண்டும்.
குடை ஆண். பை பெண். பொத்தான் இரண்டும் இல்லை.
கறுப்பு ஒன்றுதான், ஆனால்
வீட்டுக்கு வீடு வேறு செருப்பு மாட்டிக்கொள்கிறது:
ட்ஸ்ர்ன் குடை, ட்ஸ்ர்னா பை, ட்ஸ்ர்னோ பொத்தான்.

"வாலைப் பார், போதும்" என்றான் ஓக்ன்யென்,
சரக்குப் பிரிவுக்காரன், வாய் நிறையப் புரெக்.
மெய்யில் முடிந்தால் ஆண், 'ஆ'வில் முடிந்தால் பெண்.
மூன்று நாள் நம்பினேன்.
நான்காம் நாள் இரவு வந்தது: நோச்,
மெய்யில் முடிகிற பெண்.
ரத்தமும் அப்படியே. 'பொருள்' என்ற சொல்லே அப்படித்தான்.
'ஆ'வில் முடிகிற அப்பா
நல்லவேளை, ஆணாகவே இருக்கிறார்.

ட்ஸ்ர்ன்.
இதில் உயிரெழுத்தே கிடையாது.
மெய்கள் மட்டும் தோளிடித்து நிற்கின்றன,
கதவு திறக்காத பேருந்தில் போல.
பதிவேட்டில் நான் எழுதுவது இதுதான்:
ட்ஸ்ர்ன் கிஷோப்ரன், ஏதோ ஒரு கறுப்புக் குடை,
பிரோத் வண்டி, இருக்கை பதினொன்று.
செவ்வாயன்று ஈரக் கோட்டோடு ஒருவர்
கண்ணாடியைத் தட்டிச் சொன்னார்:
ட்ஸ்ர்னி கிஷோப்ரன்.
கடைசியில் ஓர் 'இ'.
அந்தக் கறுப்புக் குடை,
நாய் கடித்த கைப்பிடியுள்ள குடை.
அவர் கேட்டதும்
மெய்யின் மேல் உயிர் ஏறி உட்கார்ந்தது.
எடுத்துக் கொடுத்துவிட்டேன்.
"ஓர் எழுத்தை நம்பியா?" என்று ஓக்ன்யென் திட்டினான்.

பைகளுக்கு இந்த வசதி இல்லை.
தெரிந்த பை என்றால் அந்த 'ஆ'வைச் சற்று நீட்டுவார்களாம்,
என் காதுக்கு இன்னும் எட்டவில்லை.
ஆனால் தேடும்போது பைக்கு முகம் மாறுகிறது:
தோர்பா தோர்பு ஆகும்,
கறுப்பும் கூடவே ட்ஸ்ர்னு ஆகும்.
குடையோ, தேடினாலும் தேடாவிட்டாலும்
அதே குடை.
ஆண் சொற்களில் மூச்சு விடுபவை மட்டுமே
தம்மை யாரோ தேடுவதை உணர்கின்றன:
நாய், மாமன், தபால்காரர்.

வெள்ளி இரவு, பத்துக்குப் பிறகு.
மூச்சிரைக்க ஒருவர், கையில் ஐந்து வயது மகள்.
"ஸீவோக்..." என்றார்,
சாம்பல் நிறமான, என்று தொடங்கி
இருமலில் நின்றுபோனார்.
'ஓக்'! எனக்கு வயிறு கலங்கியது.
பெயர் இன்னும் வரவில்லை, ஆனால்
தேடப்படுவது உயிருள்ளது.
"ஸெட்ஸா" என்றாள் சிறுமி. முயல்.
லெஸ்கொவட்ஸ் வண்டி,
சாமான் அறை, காற்றில்லை, வெளியே பனி.
ஓக்ன்யெனை எழுப்பினேன்.
டார்ச்சோடு ஓடினான் பணிமனைக்கு.
"கடிக்குமா?" என்று கேட்டேன்.
அவள் என் தோளுக்குப் பின்னால் கை நீட்டினாள்.

மூன்றாம் தட்டில்,
ஒரு காது பிய்ந்த துணி முயல்.
புதன்கிழமை நானே பதிந்தது:
ஸீவா இக்ராச்கா, சாம்பல் நிறப் பொம்மை, பெண்பால்.
இந்த மொழியில் பஞ்சடைத்த முயலையும்
உயிருள்ளதாகவே தேட வேண்டுமாம்,
அவளுக்கு அது எப்போதோ தெரியும்.

காது தரையில் இழுபட அவர்கள் போனார்கள்.
முழங்கால் நனைந்து ஓக்ன்யென் திரும்பினான்,
வண்டியில் ஒன்றுமில்லை என்று.
பழைய வரியை அடித்துவிட்டு
'ஒப்படைத்தேன்' என்பதற்கு நேரே எழுதினேன்:
ஸீவோக் ஸெட்ஸா.
சிவப்புப் பேனாவோடு குனிந்து நெடுநேரம் படித்தான்.
தேதியை மட்டும் திருத்தினான்.